ஆயிரம் கோடியை எந்த வேலைக்குப் போடுவது?

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை தமிழ்நாட்டின் பஸ் நிலையங்களில் நின்றவர்களுக்கு நினைவிருக்கும்: கையில் நுழைவுச்சீட்டும் கறுப்பு மைப் பேனாவுமாக ஊருக்கு ஊர் கூட்டம். குரூப் 4 தேர்வு. அறிவிப்பில் இருந்த பணியிடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேர்.

அந்த ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூன் வரை நடந்த காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, நாட்டின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம் என்றது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதோ ஒன்று பொய் என்று தோன்றும். இரண்டும் மெய்தான். அந்தக் கணக்கெடுப்பின் அளவுகோலில், ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடிக்கொண்டிருந்தவர்கூட இடையில் 30 நாள் ஏதேனும் ஒரு தொழிலில் இருந்திருந்தால் வேலையில் உள்ளவராகிவிடுவார். அப்பாவின் டீக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டும் பட்டதாரிப் பையன், ஒரு ரூபாய் சம்பளம் வாங்காவிட்டாலும், குடும்பத் தொழிலில் உதவியாளர். வேலையற்றோர் பட்டியலில் அவன் வரமாட்டான்.

இதைச் சொல்லாமல் கொள்கைகளை ஒப்பிட முடியாது. 2017-18-ல் 6.0 சதவீதமாக இருந்த விகிதம் 2023-24-ல் 3.2 ஆகிவிட்டது என்பது அரசு தரும் நற்செய்தி. அதே கணக்கெடுப்பில், உழைப்பவர்களில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4 ஆக ஏறியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8-லிருந்து 21.7 ஆக இறங்கியிருக்கிறது. 15 முதல் 29 வயதுக்காரர்களில் வேலையின்மை 10.2 சதவீதம். ஆகவே எண்ணைக் குறைப்பது ஒரு வேலை. வரிசையைக் குறைப்பது வேறு வேலை. நான் இரண்டாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு கற்பனை வைத்துக்கொள்வோம். மாநில நிதித்துறையின் மேசையில் 1,000 கோடி ரூபாய் இருக்கிறது. வேலையின்மையைக் குறைக்க மட்டுமே செலவிட வேண்டும். அரசியல்வாதிகள் மேடையில் சொல்லும் வழிகள் எல்லாம் அந்த மேசைக்கு வந்து நிற்கின்றன.

முதலில் தலைக்கணக்கு. அரசு அலுவலகத்தில் ஓர் இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அகவிலைப்படி சேர்ந்தால் மாதம் 30,000-ஐத் தொடும். ஆண்டுக்கு 3.6 லட்சம். ஆயிரம் கோடியில் சுமார் 27,700 பேருக்கு ஓராண்டுச் சம்பளம். வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் சுயதொழில் திட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் உச்ச மானியம் 3.75 லட்சம், அந்தக் கணக்கில் சுமார் 26,700 தொழில்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்க, மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டிய விடுதியின் செலவு 706.50 கோடி, அதாவது ஒரு கட்டிலுக்கு 3.77 லட்சம், ஆயிரம் கோடிக்குச் சுமார் 26,500 கட்டில்கள். ஒன்றிய அரசின் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒதுக்கிய 1.97 லட்சம் கோடியை, அதனால் வரும் என்று 2022 பட்ஜெட் உரை சொன்ன 60 லட்சம் வேலைகளால் வகுத்தால் ஒரு வேலைக்கு 3.3 லட்சம், ஆயிரம் கோடிக்குச் சுமார் 30,000.

விசித்திரம் பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு வழிகளும் 26,000-க்கும் 31,000-க்கும் இடையிலேயே வந்து நிற்கின்றன. இது தற்செயல்தான், ஒன்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு, ஒன்று ஒருமுறை போட்டால் முப்பது ஆண்டு நிற்கும் கட்டடம். ஆனாலும் இந்தத் தற்செயல் எனக்கு உதவியது. "தலைக்கு எவ்வளவு?" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு வேறு கேள்வி கேட்க வைத்தது. அரசு சொன்ன வேலை வராமல் போனால், வந்த வேலை பாதியில் போனால், நட்டம் யார் தலையில் விழும்?

நூறு நாள் வேலையிலிருந்து தொடங்குகிறேன். அதைத் திட்டுவது நம் நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு. "மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்" என்று காரை நிறுத்திப் படமெடுத்துப் போடுகிறவர்களுக்கு அந்தப் பெண்களின் வயதும் தெரியாது, அவர்கள் வேலையைப் பெற்ற சட்டமும் தெரியாது. 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் அருமை அதன் நடைமுறையில் இருந்தது: கிராமத்துக் குடும்பம் வேலை கேட்டால் 15 நாளில் தர வேண்டும், தராவிட்டால் படி தர வேண்டும், ஒப்பந்ததாரர் கூடாது, மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். தமிழ்நாட்டில் அது மூன்றில் ஒன்றாக நிற்கவில்லை; பத்துப் பேரில் எட்டுக்கும் மேல் பெண்கள். 2025-26-ல் இங்கே நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளுக்கு 33,600. பொருள் செலவையும் சட்டம் சொன்ன 60:40 விகிதத்தில் சேர்த்தால் குடும்பத்துக்கு 56,000. ஆயிரம் கோடி 1.78 லட்சம் குடும்பங்களைத் தொடும். மற்ற வழிகளைப்போல ஆறு மடங்கு.

முழு வேலை அது அன்று, நூறு நாள்தான் என்பீர்கள். சரி. நாடு முழுவதும் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது 50 நாளைச் சுற்றியே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பலன் வேலைத்தளத்தோடு முடிவதில்லை. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 157 மண்டலங்களில், கூலியை விரல் ரேகை அட்டை மூலம் ஒழுங்காகக் கொடுக்க ஏற்பாடு செய்து, அதை எந்த மண்டலத்தில் முதலில் தொடங்குவது என்று குலுக்கல் முறையில் முடிவு செய்து, விளைவைப் பொருளாதார அறிஞர்கள் அளந்தார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் ஏறத்தாழ 13 சதவீதம் உயர்ந்தது. அந்த உயர்வில் மிகப் பெரும்பகுதி திட்டத்தின் கூலியிலிருந்து வரவில்லை; வெளியே வயலிலும் கட்டட வேலையிலும் கிடைத்த கூலி ஏறியதால் வந்தது. வெளி வேலை குறையவும் இல்லை. "நூறு நாள் வேலையால் ஆள் கிடைப்பதில்லை" என்று விவசாயி சொல்வதன் மறுபக்கம் இதுதான்: பழைய கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. நெல் அறுக்க எந்திரம் வந்தபோது நடவு, களை, அறுப்பை நம்பியிருந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று அப்போது யாரும் கவலைப்பட்டுக் கடிதம் எழுதவில்லை.

நட்டம் யார் தலையில் என்ற கேள்விக்கு இந்தச் சட்டம் ஒன்றுதான் அரசின் தலையில் என்று எழுத்தில் சொன்னது. எழுத்தில் மட்டும் என்றும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பாக்கி 4,034 கோடி என்று மாநில ஆளுங்கட்சி தெருவில் இறங்கிப் போராடியது. மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச்சிலேயே நிதி நின்றுபோயிருந்தது. அங்கே முறைகேடு செய்தவர்கள் யாரோ; கூலி இழந்தவர்கள் மண் சுமந்தவர்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தது. நாள் 125 ஆயிற்று. ஆனால் முன்பு கூலி முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்றது; இனி மொத்தச் செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் பங்கு. ஒன்றிய அரசு ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்துக்கு இவ்வளவு என்று அளவு வைக்கும். அதைத் தாண்டினால் மீதம் முழுக்க மாநிலத்தின் பொறுப்பு. விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். கேட்டால் தர வேண்டிய ஒன்று, கொடுத்த அளவுக்குள் பங்கிட வேண்டிய ஒன்றாகிவிட்டது. நம் மேசையில் இருக்கும் பணத்துக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு: அளவுக்குள் இருக்கும்வரை மாநிலம் 40 ரூபாய் போட்டால் டெல்லி 60 ரூபாய் போட்டாக வேண்டும்.

நகரத்தில் இதற்கு இணையாக நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. கேரளத்தில் அய்யன்காளி பெயரில் 2010 வாக்கிலேயே நகர வேலை உறுதித் திட்டம் வந்தது. ராஜஸ்தான் 2022-ல் தொடங்கியது. தமிழ்நாடு 2021-22-ல் 100 கோடியில் முன்னோட்டம் பார்த்தது. எல்லாம் சிறு அளவு. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இனித் தொழிற்சாலை. இது நம் மாநிலத்துக்குப் பழக்கப்பட்ட பாதை. 1971-ல் சிப்காட் தொடங்கியதிலிருந்து நிலம், தண்ணீர், மின்சாரம், வரிச்சலுகை கொடுத்து ஆலையை அழைப்பதுதான் நம் வழி. பலனும் இருக்கிறது. இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கையில் ஆலைகள் இங்குதான். நாட்டின் ஆலைத் தொழிலாளர்களில் உள்ள பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் வேலை செய்கிறார்கள். திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் பிளஸ் டூ முடித்த பெண் சீருடை போட்டுக்கொண்டு கைபேசி கோக்கப் போகிறாள் என்றால், அது நூறு நாள் வேலையால் தர முடியாத ஒன்று: வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., வீட்டில் ஒரு சொல்லுக்கு மதிப்பு.

ஊக்கத்தொகைத் திட்டம் சொன்ன 60 லட்சத்தில், 2025 மார்ச் வரை நேரடியாகவும் மறைமுகமாகவும் 12 லட்சம் வேலைகள் வந்ததாக ஒன்றிய அரசு சொல்கிறது. நியாயமாகப் பார்த்தால் 1.97 லட்சம் கோடியும் செலவாகிவிடவில்லை. 2025-ன் நடுவரை நிறுவனங்களின் கைக்குப் போனது 21,500 கோடி அளவில்தான். உற்பத்தியைக் காட்டினால்தான் பணம் என்பதால், வராத ஆலைக்குக் கருவூலம் காசு இழப்பதில்லை. அரசைப் பாதுகாக்கும் நல்ல வடிவமைப்பு. தொழிலாளியைப் பாதுகாக்குமா?

அதற்கு ஸ்ரீபெரும்புதூரிடம்தான் கேட்க வேண்டும். 2006-ல் நோக்கியா ஆலை திறந்தது; உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடி வேலையில். வரித் தகராறு ஒருபுறம், கைபேசிச் சந்தையில் அந்த நிறுவனத்தின் வீழ்ச்சி மறுபுறம். 2014 நவம்பரில் கதவு சாத்தப்பட்டது. அரசுக்கு வரி பாக்கி வழக்கு மிஞ்சியது, நிறுவனத்துக்கு வேறு நாடுகள் இருந்தன. 22, 23 வயதுப் பெண்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். 2022-ல் மறைமலைநகரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியபோதும் இதே காட்சி, ஆண்களோடு. ஆலையை அழைக்கும் ஒப்பந்தத்தில் நிலத்துக்கு விதி இருக்கிறது, மின்சாரத்துக்கு விதி இருக்கிறது. ஆலை போகும் நாளுக்கு அதே அளவு விதி இருப்பதில்லை.

இப்போது அந்த விடுதிக் கணக்குக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் என் பார்வையில் இந்த மேசையில் இருப்பவற்றில் புத்திசாலித்தனமான செலவு அதுதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தனியார் தங்குமிடங்களில் உணவு கெட்டு, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் வேலை செய்தவர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் விடுதி திறக்கப்பட்டது. விடுதி ஒரு வேலையையும் உண்டாக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் ஆலை இருக்கும் இடத்தில் ஆள் தங்க இடமில்லை, ஆள் இருக்கும் ஊரில் ஆலை இல்லை என்ற இடைவெளியை அது அடைக்கிறது. ஆலை மூடினாலும் கட்டடம் அரசிடம் இருக்கும். அடுத்த ஆலையின் ஆட்கள் தங்குவார்கள். நோக்கியாவின் அதே இடம் சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பிறகு வேறு நிறுவனத்தின் கைக்குப் போனதை நாம் பார்த்தோம்.

2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணத்தையும் இதே கணக்கில்தான் வைக்கிறேன். அதை இலவசம் என்று வைகிறவர்கள் அதிகம். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, பயணம் செய்யும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது. வீட்டுவேலைக்கோ கடை வேலைக்கோ மாதம் ஆறேழாயிரத்துக்குப் போகிறவளுக்கு 888 ரூபாய் என்பது, அந்த வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் தொகை. அதற்குத் தனியே பட்ஜெட் இருப்பதால் நம் ஆயிரம் கோடியைத் தொட வேண்டியதில்லை.

ஒன்றிய அரசு இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒன்றைச் செய்திருக்கிறது: ஆளை எடுக்கும் முதலாளிக்கே பணம். 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட இந்தத் திட்டத்துக்கு 99,446 கோடி, இலக்கு 3.5 கோடி வேலைகள். முதன்முறை வேலைக்குச் சேர்பவருக்கு இரண்டு தவணையில் 15,000 ரூபாய் வரை, கூடுதலாக ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு மாதம் 3,000 வரை இரண்டு ஆண்டு, உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டு. வகுத்துப் பார்த்தால் வேலைக்கு 28,000 ரூபாய்தான். மலிவு! மலிவாக இருப்பதற்குக் காரணமும் எளிது. வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனம் எப்படியும் எடுத்திருக்கப்போகும் ஆளுக்கும் இந்தப் பணம் போகும். கணக்கில் புதிய வேலை, களத்தில் பழைய திட்டம். 30,000 சம்பளத்துக்கு ஆள் தேவைப்படாத முதலாளி, 3,000 தருகிறார்கள் என்பதற்காக ஆள் எடுப்பாரா?

இதைவிட என்னை உறுத்துவது வேறு. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டது. திருப்பூருக்கு அமெரிக்கா பெரிய வாடிக்கையாளர். ஆர்டர் நின்ற பனியன் நிறுவனம் அந்த மாதம் கூடுதல் ஆளை எப்படி எடுக்கும்? இருக்கும் ஆளை வைத்துக்கொள்வதே பாடு. கூடுதல் ஆளுக்குத்தான் பணம் என்று விதி இருப்பதால், உதவி மிகத் தேவைப்படும் நேரத்தில் இந்தத் திட்டம் அந்த ஊரைத் திரும்பிப் பார்க்காது. 2009-ல் ஜெர்மனியின் உற்பத்தி ஐந்து சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அங்கே ஆலைகள் வேலை நேரத்தைக் குறைத்தன, குறைந்த நேரத்துக்கான கூலியில் பெரும்பகுதியை அரசு காப்பீட்டு நிதியிலிருந்து கொடுத்தது. உச்சத்தில் 15 லட்சம் பேர் அப்படி இருந்தார்கள். வேலையின்மை ஏறவே இல்லை என்னும் அளவுக்குத்தான் ஏறியது. ஆர்டர் திரும்பியபோது கைத்திறன் கொண்ட ஆள் அதே மேசையில் இருந்தான். நம்மிடம் இ.எஸ்.ஐ.யில் அடல் பெயரில் ஒரு திட்டம் உண்டு: வேலை இழந்தால் 90 நாள் வரை பாதிச் சம்பளம். வேலை போன பிறகு வரும் உதவி அது. போகாமல் தடுக்கும் உதவி இல்லை.

பயிற்சித் திட்டங்களைப் பற்றிக் கடுமையாகச் சொல்லப் போகிறேன். நான் முதல்வன் திட்டம் 2022-ல் வந்தது. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 2,877 கோடியில் நவீனமாக்கப்பட்டன. இரண்டும் நல்லவை. ஐ.டி.ஐ.யில் புதிய எந்திரம் வந்திருப்பதைப் பார்த்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பயிற்சி வேலையை உண்டாக்குவதில்லை. வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பதை மாற்றுகிறது. காலி இடம் இருந்து ஆள் கிடைக்காத தொழிலில் அது மருந்து. 22 லட்சம் பேர் 7,301 இடத்துக்கு நிற்கும் மாநிலத்தில் மூன்று மாதச் சான்றிதழ் என்பது, வேலை கிடைக்காததற்கு உன் திறமைக்குறைவே காரணம் என்று சொல்லி அனுப்பும் மரியாதையான வழி. நட்டம் முழுக்கப் பயிற்சி பெற்றவன் தலையில். உயர்கல்வியில் சேருவோர் நாட்டில் 28 சதவீதமாக இருக்கும்போது இங்கே 47 சதவீதம்; இதற்கு மேலும் படிக்கச் சொல்லி யாரைச் சொல்வது?

கடன் திட்டங்களிலும் அதே கதை, கூடவே வட்டி. மாவட்டத் தொழில் மையத்தில் நேர்காணல், வங்கியில் மேலாளரின் தயக்கம், கொட்டேஷன், பிறகு மானியம். பிரதமர் பெயரிலான திட்டத்தில் மானியம் மூன்று ஆண்டு வைப்பாக வங்கியிலேயே இருக்கும். கடனைக் கட்டி நின்று காட்டினால்தான் அது உங்களுடையது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிக் கடன் வாங்கி பாக்குமட்டைத் தட்டு எந்திரம் போட்டார். சுற்றுவட்டாரத்தில் அதே ஆண்டு அதே திட்டத்தில் இன்னும் சிலரும் அதே எந்திரத்தைப் போட்டார்கள். தட்டின் விலை என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவரிடம் இருந்தது ஒரே மாதிரி அறிக்கை.

ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை இரண்டாகப் பிரித்துச் சிறுகடனின் விளைவை அளந்த ஆய்வும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது: ஏற்கெனவே தொழில் இருந்தவர்கள் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், வேலை இல்லாதவர் கடனால் தொழிலதிபர் ஆகிவிடவில்லை. ஆகவே, வேலை தேடுகிறவனுக்குக் கடன் கொடுப்பதைவிட, மூன்று பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவருக்கு நான்காவது எந்திரம் வாங்கக் கொடுங்கள் என்பேன். நட்டத்தைத் தாங்கும் தோள் அவருக்கு ஓரளவு இருக்கிறது. வேலை இல்லாதவரிடம் போய் முதலாளியாகு என்பது, நீச்சல் தெரியாதவரிடம் படகை விற்பது. ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும்: பட்டியலினத்தவருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். 35 சதவீத மானியம், ஒன்றரைக் கோடி வரை. தலைமுறைகளாக முதல் என்பதே கைக்கு வராதவர்களுக்கு முதலைக் கொடுக்கும் திட்டத்தை நான் வேலைவாய்ப்புக் கணக்கில் மட்டும் எடைபோட மாட்டேன்.

கடைசியாக, முதலில் பார்த்த அந்த நாற்காலி. "காலிப் பணியிடங்களை நிரப்பு" என்பது எல்லாக் கட்சிகளின் கோரிக்கையும். பள்ளி, மருத்துவமனை, வருவாய் அலுவலகம் எங்கே ஆள் இல்லையோ அங்கே நிரப்பத்தான் வேண்டும்; அது வேலையின்மைக்காக அன்று, மக்களுக்குச் சேவை வேண்டும் என்பதற்காக. வேலையின்மைக்கு மருந்தாக மட்டும் பார்த்தால் 27,700 பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இந்த ஆயிரம் கோடி அடுத்த ஆண்டும் வேண்டும், அதற்கடுத்த ஆண்டு அகவிலைப்படியோடு வேண்டும். 22 லட்சத்தில் 27,700 போனால் வரிசையில் இடைவெளிகூடத் தெரியாது.

ஆனால் இங்கே ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 2001 முதல் 2006 வரை தமிழ்நாட்டில் புதிய பணிநியமனத்துக்குத் தடை இருந்தது. காவலர், ஆசிரியர், மருத்துவர் தவிர மற்ற இடங்களில் ஆள் எடுப்பது ஏறக்குறைய நின்றது. இடம் இல்லை என்றால் இளைஞர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைப்போம். நடந்தது தலைகீழ். அந்தக் காலத்தை ஆராய்ந்தபோது, படித்த இளைஞர்கள் தடை நீங்கும் நாளுக்காக இன்னும் கூடுதல் காலம் வேலையில்லாமல் படித்துக்கொண்டே இருந்தது தெரிந்தது. பின்னாளில் அவர்களின் சம்பாத்தியத்திலும் அந்தத் தழும்பு இருந்தது. எப்போது அறிவிப்பு வரும் என்று தெரியாதபோது எதிர்பார்ப்பு வடிவதில்லை, நீள்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் வேலையற்றோர் உதவித்தொகை நினைவுக்கு வந்தது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டு. அதைப் பெற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குப் பரிசு தரும் இந்த விதியை எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்.

எனவே நாற்காலிக்கு நான் பணம் ஒதுக்கவில்லை, தேதியைக் கேட்கிறேன். தேர்வு எந்த மாதம், முடிவு எத்தனை நாளில், எத்தனை இடம் என்பதை இரண்டு ஆண்டுக்கு முன்பே அறிவித்து, அறிவித்தபடி நடத்திக் காட்டுங்கள். தன் மதிப்பெண் எங்கே நிற்கிறது என்று 23 வயதில் தெரிந்தவன் 24 வயதில் வேறு பாதை பார்ப்பான். 31 வயதில் தெரிந்தவனுக்குப் பாதைகள் குறைவு. இதற்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மேசையில் உள்ள ஆயிரம் கோடியை நான் பிரிப்பது இப்படி. 450 கோடி தொழிலாளர் குடியிருப்புக்கு, ஆலைகள் நெருங்கியிருக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் பக்கம். 350 கோடி ஊரக வேலைக்கு மாநிலப் பங்காக. டெல்லியின் பங்கும் வந்தால் 875 கோடியாகும், ஒன்றரை லட்சம் குடும்பங்களுக்கு நூறு நாள். இதை நாகை, இராமநாதபுரம் போன்ற ஆலை வராத மாவட்டங்களுக்கு முதலில் தருவேன். 150 கோடி திருப்பூர் போன்ற ஊர்களுக்கு ஆபத்துக்கால நிதியாக: ஆர்டர் நின்றால் ஆளை வெளியே அனுப்பாத நிறுவனத்துக்கு மூன்று மாதம் பாதிக் கூலி. 15,000 சம்பளம் என்று வைத்தால் 66,000 பேரைக் காப்பாற்றும். ஆர்டர் நிற்காத ஆண்டில் அது வங்கியில் இருக்கும். 50 கோடி, இருக்கும் பட்டறைகளைப் பெரிதாக்க. பயிற்சிக்கு இதிலிருந்து எதுவும் இல்லை. அங்கே ஏற்கெனவே பணம் போயிருக்கிறது.

இந்தப் பிரிப்பில் எனக்கே திருப்தி இல்லாத ஓர் இடம் உண்டு. வல்லம் வடகாலில் இருப்பவை கட்டில்கள். ஓர் அறையில் பலர், இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற ஒழுங்கு. 19 வயதுப் பெண்ணின் பெற்றோருக்கு அது நிம்மதி. கல்யாணமானவளுக்கு அங்கே இடமில்லை. திருமணமான பெண்களைக் கைபேசி ஆலையில் எடுப்பதில்லை என்ற புகார் 2024-ல் எழுந்து டெல்லிவரை போனது. விடுதியாக மட்டுமே கட்டினால் அந்த வழக்கத்துக்கு அரசே கட்டடம் கட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால் 450 கோடியில் பாதி, இரண்டு அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடுகளாக இருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் இரவுப் பணி நேரத்திலும் திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் வேண்டும். 3.77 லட்சத்தில் அது முடியாது. ஆட்களின் எண்ணிக்கை குறையும். 450 கோடிக்கு ஏறத்தாழ 11,900 கட்டில் என்று வந்திருக்கும் கணக்கு அப்போது ஏழெட்டாயிரம் பேருக்குத்தான் வரும் என்று நிதித்துறை சொல்லும். சொல்லட்டும்.